வரிக்கு வரி காரணம்

புத்தம் புதிய சர்வர் என் கைக்கு வருவது அபூர்வம். ஒருவர் நிறுவி, இன்னொருவர் திருத்தி, மூன்றாமவர் அவசரத்தில் நாலு வரி சேர்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போன பிறகுதான் அது என்னிடம் வரும். கோயம்புத்தூரில் எனக்கு இருப்பவர்கள் சிறிய வாடிக்கையாளர்கள்: ஒரு கல்லூரி, மருத்துவமனைகள், ஒரு நகைக்கடை, பம்பு செட் தயாரிப்பவர்கள், ஒரு சிற்றிதழ். வெப் சர்வரின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால் பாதி வரிகளுக்கு அங்கே யாருக்கும் காரணம் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கிறதே, கை வைப்பானேன் என்று விட்டிருப்பார்கள்.

அந்தப் பயம்தான் தளங்களைக் கெடுக்கிறது. ஒரு வரி எதற்காக இருக்கிறது என்று சொல்ல முடியாவிட்டால் ஒன்று அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் காரணத்தைத் தேடிப் பிடித்துப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

எந்த வரி உண்மையில் நடப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை. அது ஏன் எளிதல்ல என்று புரிய அப்பாச்சி வெப் சர்வரின் பழைய கதை வேண்டும். அதற்கு முன்னோடி, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வெப் சர்வர். 1994இல் அவர் அங்கிருந்து விலகினார். அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு திருத்தமாகச் சேர்த்து 1995 ஏப்ரலில் அப்பாச்சியை வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் கான்ஃபிக் மூன்று ஃபைல்களாகப் பிரிந்து கிடந்தது, பிறகு ஒன்றாயிற்று. டெபியன், உபுண்டுக்காரர்கள் அதை மறுபடி பல துண்டாக்கினார்கள். ‘சைட்ஸ்-அவைலபிள்’ ஃபோல்டரில் ஒரு ஃபைல் இருக்கும். ‘சைட்ஸ்-எனேபிள்ட்’ ஃபோல்டரில் அதற்கு ஒரு லிங்க் இருந்தால்தான் சர்வர் அதைப் படிக்கும். லிங்க் இல்லாத ஃபைலை மணிக்கணக்காகத் திருத்திவிட்டு “மாத்தினா மாறவே மாட்டேங்குதுங்கக்கா” என்று வந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. அதனால் ஃபைலைப் படிக்கும் முன் சர்வரையே கேட்டுவிடுவேன். ‘அப்பாச்சி-கன்ட்ரோல்’ கட்டளையோடு பெரிய ‘எஸ்’ சேர்த்தால் எந்த போர்ட்டில் எந்தப் பெயருக்கு எந்த ஃபைலின் எத்தனையாவது வரி பொறுப்பு என்று காட்டிவிடும். இன்னொரு வெப் சர்வரான எஞ்சின்எக்ஸ் என்றால் பெரிய ‘டி’. எல்லாத் துண்டுகளையும் கோத்து முழு கான்ஃபிக்கையும் கொட்டிவிடும்.

அந்தப் பட்டியலில் நான் முதலில் பார்ப்பது பெயர்களை. ஒரே ஐபி முகவரியில் பத்துத் தளங்கள் இருக்கலாம். பிரவுசர் கேட்கும் டொமைன் பெயரை வைத்துத்தான் சர்வர் ஆளைப் பிரித்து அனுப்புகிறது. எந்தப் பெயரோடும் பொருந்தாமல் ஒரு கோரிக்கை வந்தால்? “இப்படி ஒரு தளம் இங்கே இல்லை” என்று சொல்லும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்லாது. அந்த போர்ட்டில் முதலில் எழுதப்பட்டிருக்கும் தளத்தை எடுத்துக் கொடுத்துவிடும். ஃபைல்கள் அகரவரிசையில் படிக்கப்படுவதால், டெபியனில் இயல்பாக வரும் தளத்தின் ஃபைல் பெயர் மூன்று சுழியத்தோடு தொடங்குகிறது.

நகைக்கடைத் தளத்துக்கு அப்போது 80ஆம் போர்ட் மட்டும்தான். அதே சர்வரில் இருந்த மருத்துவமனைக்கு எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443இலும் அமைப்பு செய்திருந்தார்கள். பிரவுசர்கள் தாமாகவே எச்டிடிபிஎஸ் முகவரியைத் தேட ஆரம்பித்த காலம். நகைக்கடை முகவரியை அடித்தவர்களுக்கு முதலில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தது. அதைத் தாண்டிப் போனால், மேலே நகைக்கடைப் பெயர், கீழே மகப்பேறு மருத்துவரின் ஆலோசனை நேரம். யாரோ தளத்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்று கடைக்காரர் பதறிவிட்டார். யாரும் புகவில்லை. 443இல் பதில் சொல்ல வேறு தளம் இல்லாததால் இருந்த ஒன்றைச் சர்வர் கொடுத்தது. அன்றிலிருந்து என் கைக்கு வரும் ஒவ்வொரு சர்வரிலும், ஒவ்வொரு போர்ட்டிலும், எந்தப் பெயருக்கும் சொந்தமில்லாத வெற்றுத் தளம் ஒன்றை முதலில் வைத்துவிடுகிறேன். எஞ்சின்எக்ஸில் இதற்கு ‘டிஃபால்ட் சர்வர்’ என்று குறிப்பிட்டு, 444 என்று திருப்பச் சொன்னால் போதும். பதிலே சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். ஐபி முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் உலகமெல்லாம் கதவைத் தட்டும் ஸ்கேனர்கள் அங்கேயே நின்றுவிடும்.

அனுமதிகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. 1024க்குக் கீழுள்ள போர்ட்டைத் திறக்க லினக்ஸில் வழக்கமாக ரூட் உரிமை வேண்டும். அதனால் வெப் சர்வரின் தாய்ப் பிராசஸ் ரூட்டாகத் தொடங்கும். உண்மையில் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் பிள்ளைப் பிராசஸ்களோ அதிகாரமில்லாத ஒரு யூசராக ஓடும். இது நல்ல ஏற்பாடு. தளத்தில் ஓட்டை இருந்து ஒருவன் உள்ளே வந்தாலும் அந்த யூசருக்கு எட்டியதுதான் அவனுக்கும் எட்டும். 403 என்ற அனுமதி மறுப்பு வந்தவுடன் ஃபோல்டர் முழுவதற்கும் 777 கொடுத்துவிடுகிறவர்கள் இந்தக் காவலைத் தாங்களே கழற்றிப் போடுகிறார்கள். பக்கம் திறந்துவிட்டது என்று அவர்களுக்கு நிம்மதி. யார் வேண்டுமானாலும் அந்த ஃபோல்டரில் எதையும் எழுதலாம் என்ற நிலைமை அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும்.

403க்குக் காரணம் பெரும்பாலும் ஃபைலில் இருக்காது, அதற்குப் போகும் வழியில் இருக்கும். பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் உரிமை சர்வரின் யூசருக்கு வேண்டும். உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டர்கள் 750 என்ற அனுமதியோடு உருவாகின்றன. பழைய சர்வரில் ஹோமுக்குள் வைத்து ஓடிய தளத்தை அப்படியே புதியதற்கு மாற்றினால் 403தான். அப்பாச்சியின் எர்ரர் லாகில் ‘ஏஎச்00035’ என்ற எண்ணோடு, பாதையின் ஏதோ ஒரு கட்டத்தில் தேடும் அனுமதி இல்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கும். ‘நேம்ஐ’ என்ற கட்டளையோடு சிறிய ‘எல்’ சேர்த்து முழுப் பாதையையும் கொடுத்தால் படி படியாக அனுமதிகளைக் காட்டும், எந்தப் படியில் அடைபட்டிருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ரெட் ஹேட் வகை சர்வராக இருந்தால் அதற்கும் மேல் எஸ்இலினக்ஸ் ஒன்று காவல் நிற்கிறது. அதை அணைத்துவிடச் சொல்லும் யோசனைகளை நான் ஏற்பதில்லை. ஃபைல்களின் முத்திரையைச் சரிசெய்ய ஒரே கட்டளை போதும்.

இனி, தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரி. அப்பாச்சியில் அதன் பெயர் ‘ஆட்-டிஃபால்ட்-கேர்செட்’. பக்கத்தை அனுப்பும்போது, இதன் எழுத்துகள் இந்தக் குறியாக்கத்தில் உள்ளன என்று சர்வர் தலைப்பில் சொல்லி அனுப்புவதற்கான வரி. பக்கத்துக்குள் மெட்டா குறியில் எதை எழுதியிருந்தாலும், பிரவுசர் சர்வர் சொல்வதைத்தான் நம்பும். அப்பாச்சி 2.0இன் தொடக்ககால மாதிரி கான்ஃபிக்கில் இந்த வரி ‘ஐஎஸ்ஓ-8859-1’ என்று இருந்தது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான குறியாக்கம் அது. அந்த மாதிரியை அப்படியே ஏற்ற சர்வரில் யூனிகோட் தமிழ்ப் பக்கத்தை வைத்தால், பக்கம் எவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தாலும் திரையில் குப்பைதான் வரும்.

அந்தக் குப்பைக்கு ஒரு முகம் உண்டு. யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ஐரோப்பியக் குறியாக்கத்தில் 224 என்பது தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, 174 என்பது வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’, பதிவுபெற்ற வணிகப் பெயர்களுக்குப் பக்கத்தில் போடுவார்களே, அது. ஆக, இந்த இரண்டும் மாறி மாறிப் பக்கம் முழுக்க வந்தால் உள்ளே இருப்பது பழுதில்லாத யூனிகோட் தமிழ், சர்வர்தான் தவறான பெயரைச் சொல்லி அனுப்புகிறது. கருப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாக வந்தால் நிலைமை நேர் எதிர். உள்ளே இருப்பது டிஸ்கி போன்ற பழைய எட்டு பிட் எழுத்து, சர்வர் அதை யுடிஎஃப்-8 என்கிறது.

அந்தச் சிற்றிதழின் தளத்தில் இரண்டுமே இருந்தன. பழைய இதழ்கள் டிஸ்கியில் தட்டச்சு செய்யப்பட்ட எச்டிஎம்எல் பக்கங்கள், பிந்தியவை யூனிகோட். வேறொரு நிறுவனம் தளத்தைப் புது சர்வருக்கு மாற்றிக் கொடுத்திருந்தது. சென்ட்ஓஎஸ் சர்வர். ரெட் ஹேட் குடும்பத்தின் கான்ஃபிக்கில் அந்த வரி யுடிஎஃப்-8 என்றே வரும். புதிய பக்கங்கள் பளிச்சென்று தெரிந்தன, பழைய இதழ்கள் அத்தனையும் சாய்சதுரமாகிவிட்டன. ஆசிரியருக்கு எழுபது வயதுக்கு மேல். “ஏம்மா, அவ்வளவு இதழும் அழிஞ்சே போச்சா?” என்று கேட்டபோது அவர் குரல் உடைந்திருந்தது. “ஒரு எழுத்துகூட அழியலைங்கய்யா, எல்லாம் அப்படியே இருக்கு” என்று சொல்லிவிட்டு, கர்ல் கட்டளையால் தலைப்பை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ‘கன்டென்ட்-டைப்’ வரியின் கடைசியில் யுடிஎஃப்-8. பழைய இதழ்கள் இருந்த ஃபோல்டருக்கு மட்டும் அந்த வரியை ‘ஆஃப்’ என்று எழுதினேன். அந்தப் பக்கங்கள் மெட்டா குறியில் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்டது செல்லுபடியானது, பழைய எழுத்துருவோடு இதழ்கள் திரும்பி வந்தன.

ஆனால் அதோடு விட மனம் வரவில்லை. அந்த எழுத்துருவைத் தேடி நிறுவிக்கொள்ளும் வாசகர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், கைபேசியில் அதற்கு வழியே இல்லை. பிறகு மெதுவாக எல்லா இதழ்களையும் யூனிகோடுக்கு மாற்றினோம். டிஸ்கியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், எழுத்துக்கு முன்னால் வரும். யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் உயிர்க்குறி. ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் கொம்பெல்லாம் இடம்மாறிக் கிடக்கும். மாற்றிகள் இதைக் கவனித்துக்கொள்கின்றன என்றாலும் ஒவ்வொரு இதழையும் ஆசிரியர் தம் கண்ணால் பார்த்துத்தான் விட்டார். மாற்றுவதற்கு முந்தைய பைட்டுகளையும் தனியாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். யுடிஎஃப்-8இல் குறிக்கு மூன்று பைட் என்பதால் தமிழ்ப் பக்கங்கள் கனமானவை. அதே இரண்டு பைட்டுகள் திரும்பத் திரும்ப வருவதால் சுருக்கினால் நன்றாகச் சுருங்கும். எஞ்சின்எக்ஸில் ஜிஜிப் இயல்பில் அணைந்திருக்கும். தமிழ்த் தளத்தில் அதைப் போடாமல் விடுவது, மெதுவான இணைப்பில் வாசிக்கிறவருக்குச் செய்யும் அநியாயம்.

கூட்டத்தைத் தாங்கும் எண்களுக்கு வருகிறேன். கல்லூரியின் தேர்வு முடிவு நாளில் சர்வர் படுத்துவிடுவது ஒவ்வொரு பருவத்திலும் நடந்துவந்தது. 4 ஜிபி நினைவகம், அப்பாச்சியின் பழைய ப்ரீஃபோர்க் முறை, அதற்குள்ளேயே பிஹெச்பி. இந்த முறையில் ஒரு நேரத்தில் ஒருவரை ஒரு பிராசஸ் கவனிக்கும். ஆகப் பெரிய எண்ணிக்கையைச் சொல்லும் வரி ‘மேக்ஸ்-ரிக்வஸ்ட்-வொர்க்கர்ஸ்’, பழைய பெயர் ‘மேக்ஸ்-கிளையன்ட்ஸ்’. ப்ரீஃபோர்க்கில் அப்பாச்சியின் சொந்த இயல்பு 256, டெபியன் கொடுப்பது 150. இந்தச் சர்வரில் 400 என்று இருந்தது. எப்படி வந்தது என்று லாகைப் பார்த்தபோது புரிந்தது. எண்ணிக்கை எல்லையைத் தொட்டால் அப்பாச்சி ‘ஏஎச்00161’ என்று ஒரு செய்தி எழுதும். எல்லையைத் தொட்டாகிவிட்டது, அதை உயர்த்துவது பற்றி யோசியுங்கள் என்று அந்தச் செய்தியே சொல்கிறது. முன்பு இருந்தவர் அதைக் கேட்டு உயர்த்தியிருக்கிறார். சர்வர் முன்னைவிடச் சீக்கிரமாகவே விழுந்தது.

கணக்கு எளிது. டேட்டாபேசுக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் 1.5 ஜிபி ஒதுக்கினால் மிச்சம் 2.5 ஜிபி. ஒரு பிராசஸ் ஏறத்தாழ 50 எம்பி பிடித்தது. ஆக 50 பிராசஸ்தான் நினைவகத்துக்குள் அடங்கும். 400 ஓடினால் 20 ஜிபி வேண்டும். இல்லாத நினைவகத்துக்கு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஸ்வாப்பில் விழும், ஒவ்வொரு பக்கமும் இழுபடும், காத்திருக்கும் மாணவர்கள் ரெஃப்ரெஷ் பட்டனை அழுத்திக் கூட்டத்தை இன்னும் பெருக்குவார்கள். கடைசியில் எஸ்எஸ்எச் மூலம் நாமே உள்ளே போக முடியாது.

50 என்று எழுதினேன். உடன் இருந்த பையன் நம்பவில்லை. “ஆயிரக்கணக்குல பசங்க பாப்பாங்களே, அம்பது போதுமாங்கக்கா?”

“ஒரு பக்கம் குடுக்க எவ்வளவு நேரமாகுது?”

“கால் செகண்டுகூட ஆகலைங்க.”

“0.2ன்னே வெச்சுக்கோ. அம்பது பேரு செஞ்சா செகண்டுக்கு எத்தன?”

“எரநூத்தம்பது.” சற்று யோசித்துவிட்டு, “மத்தவங்க?” என்றான்.

மற்றவர்கள் வாசலில் நிற்பார்கள். ‘லிசன்-பேக்லாக்’ என்ற வரிசை அதற்கென்றே இருக்கிறது, இயல்பாக 511. ஒரு நொடி, இரண்டு நொடி காத்திருந்து பக்கத்தைப் பெறுவது, யாருக்கும் எதுவும் கிடைக்காமல் போவதைவிட மேல்.

அந்த 50 பேரும் வேலை செய்ய வேண்டுமே, சும்மா நின்றால்? அங்கேதான் ‘கீப்-அலைவ்’ வருகிறது. பக்கத்தைக் கொடுத்த பிறகும், அதே ஆள் படம், ஸ்டைல் ஃபைல் என்று இன்னும் கேட்பார் என்று இணைப்பை மூடாமல் வைத்திருப்பது. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர் பாயசம் இன்னொரு முறை வருமா என்று இலையை மடிக்காமல் உட்கார்ந்திருந்தால், பின்னால் நிற்பவருக்கு இலை கிடைக்காது. ப்ரீஃபோர்க்கில் அப்படித்தான் ஒரு பிராசஸ் கட்டுண்டு கிடக்கும். அப்பாச்சி 2.0 காலத்தில் இந்தக் காத்திருப்பு 15 நொடி, பிறகு 5 ஆயிற்று. இந்தச் சர்வரில் யாரோ பழைய ஃபைலைக் கொண்டுவந்திருந்ததால் 15 அப்படியே நின்றது. பக்கத்துக்கு 0.2 நொடி உழைத்துவிட்டு 15 நொடி சும்மா காத்திருந்தது. 2 என்று மாற்றினேன். அடுத்த தேர்வு முடிவு அன்று பக்கங்கள் கொஞ்சம் மெதுவாக வந்தன, ஆனால் வந்துகொண்டே இருந்தன. கல்லூரி கூடுதலாக ஒரு ரூபாய்கூட நினைவகத்துக்குச் செலவழிக்கவில்லை.

இந்தச் சிக்கலின் வேரை வேறு விதமாக அறுத்தவர் ருஷ்யாவின் இகோர் சிசோயெவ். ஒரே சர்வர் பத்தாயிரம் இணைப்புகளை எப்படித் தாங்கும் என்ற கேள்வியை 1999இல் டான் கெகல் எழுப்பியிருந்தார். ராம்ப்ளர் நிறுவனத்தில் இருந்த சிசோயெவ் 2004இல் எஞ்சின்எக்ஸை வெளியிட்டார். அதில் ஆளுக்கொரு பிராசஸ் கிடையாது. சில பிராசஸ்களே ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பார்த்துக்கொள்கின்றன, சும்மா திறந்திருக்கும் இணைப்பு மிகக் குறைந்த நினைவகத்தையே பிடிக்கும். அப்பாச்சியும் இன்று ‘ஈவென்ட்’ முறையில் அதே பாதைக்கு வந்துவிட்டது. கல்லூரியையும் பிறகு அதற்கு மாற்றினோம். பிஹெச்பியைத் தனியே பிரித்தாலும் அதற்கு எத்தனை பிராசஸ் என்ற அதே கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைல் ஏற்றும்போது 413 வந்தால் எஞ்சின்எக்ஸின் இயல்பு எல்லையான 1 எம்பியைப் பாருங்கள். அதை உயர்த்தியும் நடக்கவில்லை என்றால் பிஹெச்பியில் 2 எம்பி என்று இன்னொரு எல்லை இருக்கிறது. ‘இண்டெக்சஸ்’ என்ற சொல்லை அப்பாச்சி கான்ஃபிக்கில் கண்டால் எடுத்துவிடுங்கள். முகப்புப் பக்கம் இல்லாத ஃபோல்டரில் உள்ள ஃபைல்களையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டிக்கொடுக்கும் வரி அது. மருத்துவமனைத் தளங்களில் இதை விட்டுவைப்பது மன்னிக்க முடியாத கவனக்குறைவு. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் 2015 இறுதியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிறகு சின்னத் தளங்களுக்கும் பாதுகாப்பு இலவசமாயிற்று, அவற்றுக்கு ஆயுள் 90 நாள். புதுப்பிக்கும் வேலை தானாக நடந்திருக்கும், புதிய ஃபைல் டிஸ்க்கில் இருக்கும், ஆனால் சர்வரை ரீலோட் செய்யாவிட்டால் அது பழைய சான்றிதழையே நீட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் ரீலோட் ஆகும்படி ஒரு ஹூக் எழுதிவிட வேண்டும்.

மாற்றங்களைச் செய்யும் முறையில் நான் கண்டிப்பானவள். முதலில் கான்ஃபிக் டெஸ்ட். ‘சின்டாக்ஸ் ஓகே’ என்றால் இலக்கணம் சரி என்று மட்டுமே பொருள், நீங்கள் நினைத்தது நடக்கும் என்று பொருளில்லை. பிறகு ரீலோட், ரீஸ்டார்ட் கூடாது. ரீலோடில் தவறு இருந்தால் எஞ்சின்எக்ஸ் பழைய கான்ஃபிக்கோடு தொடர்ந்து ஓடும். ரீஸ்டார்டில் நின்றுவிட்டு எழாமலே போகலாம். அதன் பிறகு வெளியிலிருந்து, வேறொரு இணைப்பில் கர்ல் போட்டுப் பார்க்க வேண்டும், எர்ரர் லாகை ஒரு ஜன்னலில் ஓடவிட்டபடி.

காரணங்களைக் கான்ஃபிக்கிலேயே கமென்ட்டாக எழுதச் சொல்கிறேன், தமிழிலேயே. தேதி, யார் கேட்டார், எதற்கு, எப்போது எடுத்துவிடலாம். இதில் அப்பாச்சிக்கு இரண்டு பிடிவாதங்கள். கட்டளை இருக்கும் வரியிலேயே பின்னால் கமென்ட் எழுத முடியாது, தனி வரி வேண்டும். எஞ்சின்எக்ஸ் அதை அனுமதிக்கும். கமென்ட் வரியின் கடைசியில் பின்சாய்கோடு வந்துவிட்டால் அப்பாச்சி அடுத்த வரியையும் கமென்ட்டின் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளும். டெஸ்ட் ‘ஓகே’ என்றே சொல்லும், அந்தக் கட்டளை மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும்.

சிற்றிதழின் கான்ஃபிக்கில் பழைய இதழ் ஃபோல்டருக்கான அந்த ‘ஆஃப்’ வரியின் மேலே, டிஸ்கிப் பக்கங்கள் இருக்கும்வரை மட்டும் என்று எழுதியிருந்தேன். கடைசி இதழும் மாறிய பிறகு பையன் அதைப் படித்துவிட்டு, “இதை எடுத்துரலாங்களாக்கா?” என்று கேட்டான். வரியையும் கமென்ட்டையும் அவனே அழித்தான், டெஸ்ட் போட்டான், ரீலோட் செய்தான். பழைய இதழ் ஒன்றின் தலைப்பை வெளியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். யுடிஎஃப்-8 என்று வந்தது.